பாசிப்பொடியும் உன் அம்மாவின் பாதமும்

அம்மாடி,

உன் அம்மா அனுப்புவதாகச் சொன்ன பொட்டலம் வராது. அதற்குப் பதிலாக இந்தக் கடிதம் வருகிறது. போன மாதம் அவள் உன்னிடம் தொலைபேசியில், "ஏட்டி, உங்கப்பா எனக்குக் குடுத்த பாசிப்பொடி கொஞ்சம் அரைச்சு வைக்கேன். மாமா கோயம்புத்தூர் வரும்போது குடுத்து விடுதேன். புள்ளத்தாச்சிக்கு ரொம்ப நல்லது" என்று சொன்னபோது, நான் அடுப்படி வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். உன் குரல் ஸ்பீக்கரில் வரும் நேரம் பார்த்து எனக்குத் தாகம் எடுக்கும். இரண்டு வருடமாக அப்படித்தான். ஒரு மனிதன் எவ்வளவு தண்ணீர்தான் குடிப்பது? அன்றைக்கு நீ "சரிம்மா, குடுத்து விடு" என்றாய். அந்தச் செம்பை என்னால் கீழே வைக்க முடியவில்லை. அந்தப் பொடி உன் அம்மாவுக்கு என்ன செய்தது என்று என்னைத் தவிர முழுதாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பாய். ஆனால் அவளிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் மனது உடையக் கூடாது என்று மட்டும் அல்ல, என் முகம் கிழியக் கூடாது என்றும் இத்தனை நாளாகக் காத்திருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என்னோடு பேசாமல் இருந்துகொண்டே என்னைக் காப்பாற்றியிருக்கிறாய்.

இதை உனக்கு மட்டும் எழுதி அஞ்சலில் போட்டிருக்கலாம். ஆனால் மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே மாத இதழில், இதே ஊர்க்காரர்களுக்கு, கடற்பாசியின் உயிர்ச்சத்துகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிடைக்காத பி12 சத்து பாசியில் ஏராளமாக இருக்கிறது, ஊசியும் மாத்திரையும் எதற்கு என்று கேட்டிருந்தேன். அதை வாசித்துவிட்டு, பாசி எங்கே கிடைக்கும் என்று என்னைத் தெருவில் நிறுத்தி விசாரித்தவர்கள் உண்டு. தப்பை ஊர் பார்க்கச் சொல்லிவிட்டு, திருத்தத்தை வீட்டுக்குள் முணுமுணுப்பது முறையில்லை. ஆசிரியரிடம் கேட்டேன், பக்கம் கொடுத்தார்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் செய்கிற ஓர் ஆலையில் ஆய்வுக்கூடம் பார்க்கிறவன். பஞ்சைச் சின்னக் கம்பிக் கூடையில் வைத்துத் தண்ணீரில் போட்டு, எத்தனை விநாடியில் மூழ்குகிறது என்று பார்ப்பது என் வேலை. முதலாளி முதல் வாட்ச்மேன் வரைக்கும் "லேப் சார்" என்பார்கள். இந்த வேலைக்கு நான் படித்த படிப்பு தேவையில்லை என்பதை ஒரு நாளும் நான் மறந்ததில்லை. வீட்டில் யாரையும் மறக்க விட்டதும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் முனைவர் பட்டத்துக்காக நான் ஆய்வு செய்தது கடற்பாசி. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊர்க் கரையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைகளிலிருந்து பாசி பறிக்கும் பெண்களிடம் ஈரப்பாசி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தில் கொண்டு வருவேன். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, இலை மாதிரி விரியும் பச்சைப் பாசி. யாரும் வளர்க்காமல் தானாக முளைக்கிற காட்டுப் பாசிகள். மாசத்துக்கு மாசம், பாறைக்குப் பாறை அவற்றின் சத்து மாறும். அங்கே ஓர் அக்கா என்னிடம் கேட்டார்:

"இத வச்சு என்ன தம்பி பண்ணப் போறீக?"

"என்ன சத்து இருக்குன்னு பாக்கப் போறேன்க்கா."

"கஞ்சிப்பாசியக் காய்ச்சிக் குடிச்சவுக முன்ன உண்டு. மத்தத நாங்க வாயில வச்சதே இல்ல. நீங்க தின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. உசுரோட வந்தீகன்னா நாங்களும் திங்கிறோம்."

நான் தின்னவில்லை. அளந்தேன். அளப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கை அந்தக் கண்ணாடிக் குழாயில்தான் சிக்கிக்கொண்டது. பி12 இல்லாமல் வளராத ஒரு நுண்ணுயிர் உண்டு. பாசிச் சாற்றை அது இருக்கும் குழாயில் விட்டால், சத்து இருக்கிற அளவுக்கு அது பெருகும். பெருகினால் குழாய் கலங்கும். எவ்வளவு கலங்கலோ அவ்வளவு சத்து. என் குழாய்கள் கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கின. அவ்வளவு பெரிய அளவை அந்தத் துறையில் யாரும் காட்டியதில்லை. தூக்கிக்கொண்டு என் ஆய்வு வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, இங்க வளந்தது பாக்டீரியா. மனுசன் இல்ல. நம்ம உடம்புக்கு உதவாத போலிச் சத்தையும் அது தின்னு வளரும். போலிய ஏத்துக்காத இன்னொரு உயிரிய வச்சு மறுபடியும் அளந்து பாரு. உன் கையால வேண்டாம், வேற ஒருத்தர அளக்கச் சொல்லு."

எவ்வளவு நியாயமான பேச்சு. எனக்கோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் கையை நம்பவில்லை என்று மட்டும்தான் காதில் விழுந்தது. கூடப் படித்த இன்னொருவனின் அளவுகளுக்கு அவர் கேள்வி இல்லாமல் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. மறு அளவு எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வேடு பாதியில் நின்றது. அந்த இன்னொருவன் கல்லூரிப் பேராசிரியர் ஆனான். எங்கள் ஆலை விழாவுக்கு ஒரு தடவை அவனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி என்று லீவு போட்டேன். வழிகாட்டி இறந்தபோது துக்கத்துக்குப் போகவில்லை. இப்போது எழுதும்போது சின்னத்தனமாகத்தான் தெரிகிறது. ஆனால் முப்பது வருடம் நான் இதைச் சோறு மாதிரி தின்று வளர்ந்திருக்கிறேன், அம்மாடி. அந்தப் பாக்டீரியாவைப் போலத்தான். போலியைத் தின்றும் வளர முடியும்.

உனக்குப் பத்து வயதில் உன்னை மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். என் பழைய இடங்களைக் காட்டினேன். முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு பச்சைப் பாசியைப் பிய்த்து, நான் தடுப்பதற்குள் வாயில் போட்டாய். "எப்படி இருக்கு?" என்றேன். யோசித்துவிட்டு, "உப்புப் போட்ட காயிதம் மாதிரி இருக்குப்பா" என்றாய். நான் ஆய்வேட்டில் எழுதிய எந்த வரியும் அவ்வளவு சரியாக இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். உன் மடியில் ஒரு பாலிதீன் பையில் ஈரப்பாசி. அதன் வாசனைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். அந்த நான்கு மணி நேரத்தில் நான் யார் மேலும் கோபமாக இல்லை. அந்தத் தோளில் இப்போதும் சில நேரம் உன் தலையின் கனம் தெரிகிறது. மருத்துவரிடம் சொன்னால் தேய்மானம் என்பார்.

உன் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற வீட்டில் பிறந்தவள். விறகடுப்பில் நாள் முழுக்கப் பால் சுண்டுகிற வீட்டில் வளர்ந்து, பால் வாசனையே ஆகாமல் போனவள். தயிர், மோர், எதுவும் இறங்காது. ஊரெல்லாம் வாங்கித் தின்னும் பண்டத்தை அவள் ஒரு கரண்டி தின்று யாரும் பார்த்ததில்லை. சைவமும்கூட, முட்டை வீட்டுக்குள் வந்ததில்லை. இப்படி இருப்பவர்களுக்கு பி12 எங்கிருந்து வரும்? ஐம்பது வயதை நெருங்கும்போது கால் விரல்கள் மரத்துப்போகிறது என்றாள். மயக்கம் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தபோது உன் அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"சார், பி12 ரொம்பக் கம்மியா இருக்கு. ஊசி போட்டே ஆகணும்."

"நான் இதுல ஆராய்ச்சி பண்ணவன்" என்றேன்.

"அப்படியா சார், சந்தோசம். அப்ப இன்னிக்கே ஆரம்பிச்சிரலாமா?"

அவர் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "சத்துக் குறைச்சல்தான், இதுக்கு என்கிட்ட மருந்து இருக்கு" என்றேன். அவளும் நம்பினாள். படித்த புருசன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? மண்டபத்துக்குப் போய் மூட்டையாகப் பாசி வாங்கி வந்து, அலசி, மாடியில் காயப்போட்டு, மிக்ஸியில் அரைத்தேன். தினமும் காலையில் கேப்பைக் கஞ்சியில் இரண்டு கரண்டி. அந்த வாசனையைத்தான் உன் மாமா, அவளுடைய அண்ணன், வந்த அன்றைக்கு வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"என்ன மாப்ளே, சைவத்த விட்டுட்டியளா? தெருமுக்குலயே கருவாட்டு வாசம் ஆளத் தூக்குது!"

"அண்ணே, அது கடல்பாசி. அவிய எனக்காக அரைச்சது" என்று உன் அம்மா பெருமையோடு சொன்னாள்.

"நல்லாருக்கே. நம்ம வீட்டுப் பாலு ஆகாது, ராமேஸ்வரத்துப் பாசி ஆகுமாக்கும்! மாப்ளே, எந்தங்கச்சி மேல செதில் மொளைக்குதான்னு அப்பப்பப் பாத்துக்கிடுங்க."

அவளும் சிரித்தாள். நான் அவரோடு நான்கு மாதம் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. மயக்கம் குறைந்திருந்தது. அந்தத் தாளை, லீவுக்கு வந்திருந்த உன் முன்னால் ஆட்டினேன். "பாத்தியா?" என்றேன். நீ தாளைப் பார்க்கவில்லை. "கால் மரமரப்பு நின்னுச்சாப்பா?" என்று கேட்டாய். "நிக்கும்" என்றேன். அந்தக் கட்டுரையை எழுதியது அந்த வாரத்தில்தான். பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதை, முன்பே தெரிந்திருக்க வேண்டியதை, இங்கே வைக்கிறேன். பாசியில் ஃபோலேட் என்கிற சத்தும் இரும்பும் உண்டு. அவை ரத்தத்தைத் தேற்றும். ரத்தம் தேறிவிட்டதால், பி12 இல்லாமல் உள்ளே நரம்பு பட்டுப்போவது வெளியே தெரியாது. விளக்கு எரிகிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், உத்திரத்தைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த சித்திரையில் நாம் மூவரும் ஆண்டாள் கோவிலுக்குப் போனது உனக்கு மறந்திருக்காது. உச்சி வெயில். வெளிப் பிரகாரத்துக் கல் கொதித்தது. நடக்கிற வழியில் அடித்திருந்த வெள்ளைப் பட்டை மேல்கூட ஜனங்கள் குதித்துக் குதித்து ஓடினார்கள். நாமும் ஓடினோம். நிழலில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தால், உன் அம்மா பட்டையை விட்டு விலகி, கருங்கல்லின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் துளசி. நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது மாதிரி நிதானமாக. பக்கத்தில் நின்ற ஒருவர், "அந்தம்மாவுக்கு எம்புட்டுப் பக்தி, பாருங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம் அம்மாடி, பெருமையாக இருந்தது. நீதான் அந்தக் கொதிக்கிற கல்லில் திரும்ப ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தாய்.

"யம்மா, சுடலியா?"

"என்னது?"

"கல்லும்மா! கல்லு!"

"இல்லியே, நல்லாத்தான இருக்கு."

நிழலில் உட்கார வைத்து அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாய். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அவளும் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

அவளைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, அவள் காதில் விழாத தூரத்துக்கு என்னைக் கூட்டிப் போனாய். "அந்த டாக்டர் என்னப்பா எழுதிக் குடுத்தாரு?" என்றாய். ஊசிச் சீட்டு என்றேன். அது என் டைரிக்குள் இருந்தது. "ஒரு வருசம். ஒரு வருசம்ப்பா. அம்மாவ வச்சு நீங்க யாருக்கு என்ன நிரூபிக்கீங்க?" அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். "ஹீமோகுளோபின் ஏறியிருக்கே" என்றேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. மறுநாள் மதுரைக்கு அவளைக் கூட்டிப் போனது நீ. ஊசி போட வைத்தது நீ. நரம்பு மருத்துவர், தாமதமாகிவிட்டது, கொஞ்சம் திரும்பும், எல்லாம் திரும்பாது என்று உன்னிடம் தனியாகச் சொன்னதை வாசலுக்கு வெளியே நின்று கேட்டவன் நான்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். செத்துப்போன ஒரு மனிதருக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட இரண்டாவது அளவைத்தான் உன் அம்மாவின் உடம்பில் எடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அவர் சொன்னதைப் போல வேறு ஒருவர் கையால் அல்ல, என் கையாலேயே. அவள் மேல் உள்ள அன்பில் செய்தேன் என்று இரண்டு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்பு இருந்தது. ஆனால் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்தது அன்பு அல்ல.

ஊசி போட்ட பிறகு அவள் தெம்பானாள். கேட்டவர்களிடம், மருந்தும் பாசிப்பொடியும் சேர்ந்து வேலை செய்தது என்றேன். அவளிடமும் அதையே சொன்னேன். கால் திரும்பாததற்கு வயது என்றேன். உன் கல்யாணத்தில் நான் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு, வெளியூர் விருந்தாளி மாதிரி நின்றேன். நாம் பேசாமல் இருப்பது, மாப்பிள்ளை பார்க்கும்போது நான் ஏதோ சொல்லிவிட்டதால் என்றுதான் உன் அம்மா நினைத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே வரவில்லை, கோயம்புத்தூரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு, அவள் உன் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்கு மறுநாள்தான், பரணில் மிச்சமிருந்த பாசியை எடுத்து மாடியில் காயப்போட்டாள். நீ வராவிட்டாலும், தனக்கு நல்லது செய்தது உனக்கும் செய்யட்டும் என்று.

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது நான் போய் ஸ்விட்சை அணைத்தேன். சொன்னேன். எல்லாவற்றையும். அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முதலில் சிரித்துவிட்டாள்.

"அப்ப, அந்த நாத்தத்த ஒரு வருசம் மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சது சும்மாவா?"

"ஆமா."

"டாக்டர் மொதல் நாளே ஊசி போடச் சொன்னாரா?"

"சீட்டே எழுதிக் குடுத்தாரு."

"அது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சிரிப்பு போய்விட்டது. "அதுக்குத்தான் அவ உங்ககிட்ட பேசலியா? நான் கல்யாணச் சண்டைன்னுல்லா நெனச்சேன்" என்றாள். பிறகு மிக்ஸி ஜாரைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு பையில் நான்கு சேலையை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

மதுரை டாக்டர் சொன்னதிலிருந்து ஒரு வேலையை நான் விடாமல் செய்து வருகிறேன். உன் அம்மாவுக்கு உள்ளங்காலில் முள் ஏறினாலும் தெரியாது. அதனால் தினம் காலையில் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவள் கிளம்பிப் போன அன்று சாயங்காலம் உன் மாமா போன் செய்தார். கிண்டல் பண்ணத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "மாப்ளே, ஒங்க ரெண்டு பேருக்குள்ள என்னன்னு நான் கேக்கல. ஆனா காலம்பற அவ காலு யாரு பாக்கா? எனக்குக் கண்ணு சரியில்ல, பாத்துக்கிடுங்க" என்றார். மறுநாள் முதல் பேருந்தில் போனேன். கடைக்குப் பின்னால், பால் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் காலை நீட்டினாள். நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதம், பத்து விரல் இடுக்கு. முடிந்ததும் ஆலைக்கு வந்துவிட்டேன். இப்படி எட்டு நாள். பால் கிண்டுகிறவர்கள் முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் எனக்கு உட்கார ஒரு பலகை போட்டு வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள், பாதத்தை நீட்டியபடியே அவள் பேசினாள்: "அவளுக்கு எழுதுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே எழுதுங்க. உங்க வாத்தியார இழுக்காம எழுதுங்க." இழுத்துவிட்டேன், பார். ஆனால் இந்தத் தடவை அவர் சொன்னது சரி என்று சொல்வதற்காக இழுத்திருக்கிறேன்.

உனக்கும், உன்னைப் போல இருப்பவர்களுக்கும் வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாசியில் ஒன்றுமே இல்லை என்று இப்போது நான் கோபத்தில் மாற்றிப் பேசவில்லை. பறித்த ஈரத்தில் வைட்டமின் சி உண்டு. வெயிலில் காய்ந்தால் பெரும்பாலும் போய்விடும். பி வகைகளில் சில உண்டு, ஃபோலேட் உண்டு. ஆனால் பி12ஐப் பாசி தானாகச் செய்வதில்லை; அதன் மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து வருவது அது. எந்தப் பாசியில் எவ்வளவு மெய், எவ்வளவு போலி என்று கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. அயோடின் வேறு அளவுக்கு மிஞ்சி இருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது. நீயும் உன் அம்மாவைப் போலப் பால் குடிக்காதவள். உன் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல். அவர் என்ன எழுதித் தருகிறாரோ அதைச் சாப்பிடு. அவருக்கு எத்தனை வயது என்று பார்க்காதே. அந்தச் சீட்டை மட்டும் மடித்து எங்கேயும் வைக்காதே.

உனக்கு என் பிடிவாதம் கொஞ்சம் உண்டு. சின்ன வயதில் கணக்கை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னால் நோட்டை மூடிவிடுவாய். நான் அதை ரசித்தேன், ரசித்திருக்கக் கூடாது. உன் வீட்டுக்காரர் ஒன்றைச் சரியில்லை என்று சொன்னால், அது உன்னைச் சொல்வது அல்ல என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார். எனக்கு அந்த ஒரு நிமிடம் முப்பது வருடம் ஆயிற்று.

இன்னும் ஒன்று. கடைசி நாள், மாமா வீட்டிலிருந்து உன் அம்மாவை அழைத்து வரக் கிளம்பும்போது, அவள் அடுப்பு ஓரமாக நடந்தாள். நாள் முழுக்க விறகு எரிந்து சூடேறிய தரை. சட்டென்று நின்றாள். இடது காலைத் தூக்கினாள். "இந்தக் காலு லேசாச் சுடுத மாதிரி இருக்குங்க" என்றாள். உன் மாமா கரண்டியை விட்டுவிட்டு வந்தார். "நெசமாவாட்டி?" என்றார். அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள். "என்னமோ தெரியுது" என்றாள். அவ்வளவுதான். டாக்டர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். நானும் எடுத்துக்கொள்ளவில்லை. நம்ப வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. அதனாலேயே என் கணிப்பை நான் நம்பக் கூடாது. ஆசைப்பட்டுப் பார்த்த குழாய் எப்போதும் கலங்கித்தான் தெரியும்.

அதனால் கேட்கிறேன். என்னை மன்னித்து வா என்று கேட்கவில்லை. பிரசவத்துக்கு வா என்றும் வற்புறுத்தவில்லை. அது உன் முடிவு. ஒரு தடவை வந்து, வேறு ஒருவர் கையால் எடுக்க வேண்டிய அந்த அளவை நீ எடு. உன் அறைக் கதவை நேற்று உன் அம்மா திறந்து வைத்திருக்கிறாள். முற்றத்துத் தரை மத்தியானத்தில் நன்றாகக் காயும். நான் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கொப்புளம் வராத சூடு என்று சொல்லிவிட்டு, தெருவாசலுக்குப் போய்விடுகிறேன். அங்கே நின்றால் உள்ளே பேசுவது எனக்குக் கேட்காது. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குக் கோவிலில் கேட்ட அதே கேள்வியைக் கேள். அவள் என்ன சொன்னாள் என்று நீ வெளியே வந்து என்னிடம் சொல்.

தெருவாசலில் நிற்கும்
உன் அப்பா